குப்பை குறைந்தால் சிவப்பு

நீச்சல் தெரிந்தவர்களைக் கரையில் உட்காரவைத்து, தண்ணீரைப் படத்தில் காட்டி விளக்கம் சொல்கிற உத்தியோகம் ஒன்று உலகத்தில் இருந்தால், அது நான் பார்த்த உத்தியோகம்தான். அடையாள அட்டையில் ‘சுழற்சிப் பொருளாதார டிஜிட்டல் பயிற்றுநர்’ என்று போட்டிருந்தது. அதாவது, ஒரு பொருளை உபயோகித்துவிட்டுத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்ப உபயோகத்துக்குக் கொண்டுவந்தால் குப்பையே இருக்காது என்பதை டேப் என்கிற கையகலக் கம்ப்யூட்டர், ப்ரொஜெக்டர், செயலி எல்லாம் வைத்துக் கிராமத்து ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். புதுக்கோட்டையில் பதினாறு வருஷம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தியவன் நான். பிள்ளைகள் எல்லாம் போனிலேயே எல்லாவற்றையும் படித்துக்கொள்ள ஆரம்பித்ததும் கடையைச் சாத்தினேன். நாற்பத்தேழு வயதில் இந்த வேலை கிடைத்தபோது குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்தேன்.

என் மாதிரியே டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மினி பஸ்ஸில் அலைகிறவர்கள், மாதக் கடைசியில் செயலியில் நம் ஊர்க் கட்டம் பச்சையாக வேண்டுமே என்று சாமி கும்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆரம்பத்தில் எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பாகவே முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த படம்

முதல் வகுப்பு, திருமயத்தில் இறங்கி மினி பஸ் பிடித்துப் போகிற ஒரு ஊரில். பெயரைச் சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குச் சங்கடம், வேண்டாம். பஞ்சாயத்துக் கட்டடத்தில் முப்பது பெண்கள். வேட்டியைக் கட்டித் திரையாக்கி, அம்புக்குறிகள் வட்டமாக ஓடுகிற படத்தைக் காட்டினேன். ‘பழைய துணிக்கு மறுவாழ்வு’ என்று தலைப்பு. ஆர்வத்தைக் கிளப்பலாமே என்று, “ஒரு சேலை கிழிஞ்சுபோச்சுன்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. கிழிந்த சேலை முதலில் தூளி. தூளி நைந்தால் தலையணை உறை. அப்புறம் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி. அதுவும் ஓட்டையானால் சைக்கிள் துடைக்க. மிச்சம் இருக்கிற ஓரத்தை நீளமாகக் கிழித்துப் புடலைக் கொடியைப் பந்தலில் கட்ட. ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுத்துச் சொல்ல, என் படத்தில் இருந்த நாலு அம்புக்குறியும் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோயின.

வாசற்படியை ஒட்டி, எல்லோரையும் விட்டுத் தள்ளி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர்த் தூய்மைக் காவலர் செல்வராணி. வீடு வீடாகக் குப்பை வாங்கி, ஊர்க் கொட்டகையில் கொண்டுபோய் மக்குவது, மக்காதது என்று பிரிப்பது அவள் வேலை. வாடை அடிக்கிறது என்று யாராவது சொல்வதற்கு முன்னால் தானே தள்ளி உட்கார்ந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு. நான் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து அவள்தான் என்னைக் காப்பாற்றினாள்.

“சேலையில இதுக்கு மேல ஒண்ணுமில்ல சார். நீங்க அடுத்த படத்தைப் போடுங்க.”

கண்ணைச் சிமிட்டவும்

செல்வராணிக்கு ஒரு டேப் கொடுத்தோம். தினமும் எத்தனை கிலோ குப்பை வந்தது, அதில் எவ்வளவு மறுபடி உபயோகத்துக்குப் போனது என்று அவள் செயலியில் ஏற்ற வேண்டும். செயலிக்குள் நுழைய முகத்தைக் காட்ட வேண்டும். வெறும் முகம் போதாது. யாரும் போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிடக் கூடாது என்று ‘கண்ணைச் சிமிட்டவும்’ என்று கேட்கும். செல்வராணி டேப்பை முறைத்தபடியே நின்றாள். அது மூன்று தடவை ‘நபர் உறுதிசெய்யப்படவில்லை’ என்றது.

“ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒருவாட்டி கண்ணை மூடித் தெறங்க” என்று நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு நேர் எதிரே நிற்கிறேன். கொட்டகைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் இருந்த ஏழெட்டுப் பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் முகம் சிவந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. டேப்பைக் கொட்டகை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ‘டிங்’ என்று சத்தம் வந்தது.

“எங்க வீட்டுக்காரரைப் பாத்தே நான் கண்ணடிச்சதில்ல சார். இந்தச் சனியனுக்குத் தெனம் அடிக்கணுமா?”

பன்னிரண்டரை மணி

அடுத்த பயிற்சி கொட்டகையிலேயே நடந்தது. எலக்ட்ரானிக் தராசை டேப்போடு இணைப்பது எப்படி என்று நான் மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, செல்வராணி எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். “இந்தா வந்துர்றேன் சார்” என்று கிளம்பியும்விட்டாள். மணி பன்னிரண்டரை. பாடத்தின் நடுவில் எழுந்து போனால் எந்த வாத்தியாருக்குப் பிடிக்கும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பின்னாலேயே போனேன்.

கொட்டகைக்குப் பின்புறம்தான் அவள் வீடு. உள்ளே கட்டிலில் அவள் கணவர் கருப்பையா படுத்திருந்தார். நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கப் போன இடத்தில் பாறை சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஆறு வருஷமாகிறது. காலையில் அவரை ஒரு பக்கமாகப் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு வருவாள். பன்னிரண்டரைக்குப் போய் மறுபக்கம் புரட்டி, முதுகைத் துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டுத் திரும்புவாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வைக்கும், வைத்தால் லேசில் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரே மகள் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டால் வந்து தண்ணீர் கொடுப்பார். ஆனால் ஒரு ஆண்பிள்ளையைப் புரட்டிப்போட அவருக்கு உடம்பில் தெம்பும் இல்லை, கூச்சமும் விடாது.

இந்த வேலையைச் செல்வராணி ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வேறு எங்கே வேலைக்குப் போனாலும் நடுப்பகலில் வீட்டுக்கு வர முடியாது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. பாடத்தைக் கெடுத்ததற்குத் தானே பொறுப்பு என்பதுபோலக் கருப்பையா என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

“இவ வந்தாத்தான் சார் எனக்கு மத்தியானம்.”

ஈரத்தின் எடை

ஒரு மழைநாள். கடைத்தெருவிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் ஊறிப்போய் இருந்தன. தராசில் வைத்தால் வழக்கத்தைவிட இரண்டு பங்கு எடை காட்டியது. செல்வராணி ஏற்றாமல் எனக்குப் போன் செய்து, “அப்படியே போடவா சார்?” என்று கேட்டாள்.

நான் அரிச்சந்திரன் பேரன் மாதிரி பேசினேன். தரவு என்றால் அதில் நேர்மை வேண்டும், ஒரு கிலோ பொய் சொன்னாலும் மொத்தமும் பொய்யாகிவிடும், காயவைத்து நாளைக்கு எடை போடுங்கள் என்றேன். மறுநாள் நான் போனபோது கொட்டகைக் கூரை மேல், சுவர் மேல், தள்ளுவண்டி மேல் எல்லாம் அட்டையை விரித்து வெயிலில் போட்டிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் அதைப் பார்த்து, வடாம் போட்டிருக்கிறாயா என்று கேலி செய்துவிட்டுப் போனார். அவளுக்கு அது கேலியாகவே படவில்லை.

“நீங்க சொன்னது சரிதான் சார். ஈரம் குப்பை இல்லையே, அது மழைதான?”

மீமிசலில் நான் போட்ட பன்னிரண்டு

அரிச்சந்திரன் பேரனின் லட்சணத்தை இனிமேல் கேளுங்கள். அதே மாதம் கடலோரத்து மீமிசலுக்குப் போயிருந்தேன். செயலியில் ‘வீசி எறியப்பட்ட மீன்வலை, கிலோவில்’ என்று ஒரு கட்டம். கரையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் கேட்டேன். யாரும் வலையை எறிவதில்லை. பொத்துகிற வரை பொத்துகிறார்கள். பொத்த முடியாததை ஆட்டுக்கு வேலியாகக் கட்டுகிறார்கள், கோழிக்கூட்டின் மேல் போடுகிறார்கள். உள்ளதைச் சொல்லிப் பூஜ்யம் போட்டேன். கட்டம் சிவப்பாகிவிட்டது.

புதுக்கோட்டை ஆபீசில் பிரபு என்று ஒருவன். எல்லா ஊர் நிலவரத்தையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. என்னைவிட இருபது வயது சின்னவன், கெட்டவன் இல்லை. அவனைக் கூப்பிட்டேன். “பூஜ்யம் போட்டா அங்க வேலையே நடக்கலைன்னு ஆப் எடுத்துக்கும்ணே. ஏதாச்சும் போட்டு விடுங்க” என்றான். பன்னிரண்டு என்று போட்டேன். உடனே பச்சை. எறியாமல் இருந்தால் சிவப்பு, எறிந்தால் பச்சை என்று இந்தச் செயலி நினைக்கிறது என்பது எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்தும் அதைப்பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை. அறந்தாங்கி பஸ் வருகிற நேரம், அதுதான் மனசில் இருந்தது. அந்த அம்மா, “என்னத்தம்பி போட்டீங்க?” என்றார். பன்னிரண்டு கிலோ வலை என்றேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பன்னெண்டு கிலோவா? எங்கிட்டுத் தம்பி கெடக்கு? காட்டுங்க, நானே எடுத்துத் தச்சுக்கிர்றேன்.”

மடித்த சாக்கு

செல்வராணிக்கு என் பாடம் பிடித்துப்போயிற்று. நிஜமாகவே பிடித்துப்போயிற்று. டேப்பில் அந்த வட்டப் படத்தை வைத்துக்கொண்டு, குப்பை வாங்கப் போகிற வீடுகளில் எல்லாம் காட்ட ஆரம்பித்தாள். டீக்கடை ராசுவிடம் மல்லுக்கு நின்று, காகிதக் கப்பை நிறுத்திக் கண்ணாடி டம்ளருக்கு மாறவைத்தாள். மளிகைக் கடைக்குப் பெண்கள் டப்பா எடுத்துக்கொண்டு போனார்கள். அவளை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தவர்கள், படம் பார்ப்பதற்காக உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் குரலே மாறியிருந்தது.

அந்த வருஷம் அய்யனார் கோயில் புரவி எடுப்பு வந்தது. வேண்டுதலுக்குச் செய்த மண்குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டுபோய்க் கோயில் தோப்பில் நிறுத்துகிற திருவிழா. சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் சாப்பிடும். முந்தின வருஷம் அது முடிந்த மறுநாள் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும் அள்ளி மாளவில்லை என்று சொல்லியிருந்தாள். இந்தத் தடவை வாழை இலை, எவர்சில்வர் டம்ளர். இலையை மாடு தின்றது, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்கள். இருபது சாக்கோடு போய்க் காத்திருந்த செல்வராணி, மத்தியானம் எனக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“சார், கொண்டுபோன சாக்கு மடிச்சது மடிச்ச மாதிரியே திரும்பி வந்துருச்சு சார்!”

டேப் ரிப்பேர்

மாதம் முடிந்தது. பஞ்சாயத்து நோட்டிலிருந்து ஏற்றியிருந்த போன வருஷத்து அதே மாதக் கணக்கோடு செயலி ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த ஊரில் வந்து சேர்ந்த குப்பை பத்தில் ஒரு பங்காக இறங்கியிருந்தது. குப்பை வரவில்லை என்றால் யாரும் போய் வாங்கவில்லை, வாங்கவில்லை என்றால் வேலை நடக்கவில்லை. செயலிக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான். கட்டம் சிவப்பு. மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் அந்தக் கொட்டகை ‘செயல்படாதது’. அதை மூடிவிட்டு, ஆளையும் சாமானையும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். காலையில் முதல் பஸ்ஸில் போனால் பொழுது சாயத்தான் திரும்ப முடியும்.

எனக்கு உடனே கருப்பையாதான் நினைவுக்கு வந்தார். விஷயத்தை அவளிடம் அப்போதே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மீமிசலில் பன்னிரண்டு போட்டவன், இங்கேயும் ஒரு நம்பரைப் போடச் சொல்லியிருந்தால் முடிந்தது. அவளுக்கு நேர்மைப் பாடம் நடத்திய வாயால் அதைச் சொல்ல வரவில்லை. ‘அடுத்த மாசம் சரியாயிரும்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள்தான் முதலில் கூப்பிட்டாள். பாராட்டு ஏதாவது வரும் என்று டேப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

“சார், நம்ம ஊரு செவப்பாக் காட்டுது. டேப் ரிப்பேரா சார்?”

நியாயமும் கட்டமும்

ஆன்லைன் மீட்டிங்கில் கையைத் தூக்கினேன். நாற்பது முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. குப்பை குறைவதுதானே நம் நோக்கம், அதைச் சாதித்த ஊருக்கே சிவப்பு விழுகிறதே என்று கேட்டேன். அந்தக் கொட்டகை மூடினால் ஒரு மனுஷனுக்குப் புண் வைத்துவிடும் என்பதையும் சொன்னேன். பிறகு எனக்குத் தெரியாத ஒருவர், கருத்தைக் குறித்துக்கொண்டோம், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்பதற்குள் என் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மீட்டிங் முடிந்ததும் பிரபு டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்கும் மனசு சங்கடப்பட்டிருந்தது, முகத்தில் தெரிந்தது.

“நீங்க சொல்றது நியாயம்தாண்ணே. அந்த நியாயத்தை எந்தக் கட்டத்துல போடுறதுன்னுதான் எனக்குத் தெரியல.”

ராசு கடை டம்ளர்

இரண்டாவது மாதமும் சிவப்பு. இதற்குமேல் மறைக்க முடியாமல் செல்வராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “குப்பை வேணும், அம்புட்டுத்தான சார்?” என்று தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். எந்த வீட்டில் போய் ‘எறியாதீங்க’ என்று படம் காட்டினாளோ, அதே வீட்டு வாசலில் நின்று ‘எறியிறதுக்கு எதுவும் இருக்கா’ என்று கேட்டாள். வீட்டில் ஆளாளுக்குத் தேடிப்பார்த்தார்கள். ஒரு வீட்டில் பழைய செருப்பு ஒன்று, இன்னொரு வீட்டில் உடைந்த சோப்பு டப்பா. ஒருத்தி, இருக்கிற பிளாஸ்டிக் குடத்தை உடைத்துத் தரட்டுமா என்று கேட்டாள்.

டீக்கடை வாசலுக்கு வந்தபோது அவள் வண்டியோடு பின்தங்கி நின்றுவிட்டாள். நான்தான் ராசுவிடம் விவரம் சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுச் செல்வராணியைப் பார்த்தார். அவரை டம்ளருக்கு மாற்ற அவள் ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறாள். குத்திக் காட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும் அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியபடி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

“ஒனக்கு வேலை நிக்கும்னா சொல்லு ஆத்தா, நாளைக்கே பழையபடி கப்பு வாங்கிப் போட்டுர்றேன்.”

தோப்பு

மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. வேறு ஒரு ஊரில் சாக்குக்குள் மண்ணைப் போட்டு எடை ஏற்றிப் பச்சை வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு. எனக்கும் புத்தி அந்தப் பக்கம் போயிற்று. அய்யனார் தோப்பில் தலைமுறை தலைமுறையாக நிறுத்திய மண்குதிரைகள் தலை போய், கால் போய், சில்லுச் சில்லாகக் கிடக்கின்றன. டன் கணக்கில் இருக்கும். ‘உடைந்த மண்பாண்டம்’ என்று செயலியில் கட்டமே இருக்கிறது. பொய்யும் இல்லை, உள்ள பொருளைத்தானே எடை போடுகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பத்துச் சாக்கோடு அவளைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நேர்ந்து நிறுத்திய குதிரையை அப்புறம் யாரும் தொடுவதில்லை. பூச மாட்டார்கள், ஒட்ட மாட்டார்கள், அப்புறப்படுத்தவும் மாட்டார்கள். அது நின்ற இடத்திலேயே மண்ணாகிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான். தெரிந்தும்தான் சாக்கை விரித்தேன். செல்வராணி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சில்லுகளுக்கு நடுவே ரொம்ப நேரம் நின்றாள். வீட்டில் கிடக்கிற மனுஷரைத்தான் நினைத்திருப்பாள், வேறு எதை நினைக்கப்போகிறாள்? குனிவாள் என்று எதிர்பார்த்தேன், குனிய வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்ளவும் செய்தேன். அவள் நான் விரித்த சாக்கை எடுத்து உதறி மடித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“இது குப்பை இல்ல சார். நின்னு ஓஞ்சது.”

சுத்தமான கொட்டகை

மூடுகிற அன்றைக்கு இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். தராசு, தள்ளுவண்டி, கையுறைப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றினார்கள். டேப்பை மட்டும் நான் பிறகு வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. செல்வராணி காலையிலேயே கொட்டகையைக் கூட்டிக் கழுவி விட்டிருந்தாள். ஒப்படைக்கிற இடம் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு. தரையில் ஒரு காகிதத் துண்டு கிடையாது.

வந்தவர்களில் ஒருவர் உள்ளே சுற்றிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டார். மனசில் பட்டதைச் சொன்னாரே தவிர, அவளைக் காயப்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் சாவியை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு சுத்தமா இருக்கே. இங்க வேலையே நடக்கலைன்னு ரிப்போர்ட்ல போட்டிருந்தது சரிதான் போலிருக்கு.”

டேப்பை வாங்கப் போனது

டேப்பை வாங்கப் போக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வேலை இருந்தது என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், போகப் பயமாக இருந்தது. ஒரு மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. கருப்பையா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். “வாங்க சார். டேப்பு அலமாரியில இருக்கு, சார்சரும் கூடவே துணியில சுத்தி வச்சிருக்கா” என்றார். அவள் ஆறு மணி பஸ்ஸுக்குப் போனால் திரும்பி வர இருட்டிவிடுகிறதாம். வேறு வேலை தேடவில்லையா என்று கேட்டேன். அக்கம்பக்கத்தில் ஒன்றும் அமையவில்லை, மாத்திரைக்காவது வேண்டுமே என்றார்.

டேப்பை எடுத்துப் பைக்குள் வைத்தேன். கிளம்பப்போனேன். “சார், கேக்கக் கூச்சமா இருக்கு. என்னையக் கொஞ்சம் அங்கிட்டுப் புரட்டி விட்டுட்டுப் போறீங்களா?” என்றார். எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர்தான் சொன்னார், தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை என்று. கனமே இல்லை. புரட்டும்போது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்ததைப் பார்த்தேன். செல்வராணி மருந்து வைத்துத் துணி ஒட்டியிருந்தாள், துணி நனைந்து விலகியிருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் வாசல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். நாளைக்கும் வருகிறேன் என்று என் வாய் வரை வந்தது. புதுக்கோட்டையிலிருந்து தினமும் எப்படி வர முடியும் என்று அதற்குள் மனசு கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. நான் பையைத் தோளில் மாட்டியதைப் பார்த்து அவர் புரிந்துகொண்டார்.

“நீங்க வந்து புரட்டுனீங்கன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க சார். நாளைக்கும் யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சுக்குவா.”

சுழற்சி, சுழற்சி என்று ஒரு வருஷம் மாவட்டம் பூராவும் அலைந்து வகுப்பெடுத்ததில், நான் உருப்படியாகத் திருப்பியது ஒரு மனுஷரைத்தான், அதுவும் ஒரே ஒரு தடவை.